பியானோ இறங்கிய ஞாயிறு

பங்களாவிலிருந்து அப்பு இறங்கி வந்து வாசலில் நின்றதைப் பார்த்ததும் பொன்னையா கையிலிருந்த மருந்துப் போத்தலைக் கீழே வைத்துவிட்டார். அப்பு துரை பங்களாவின் சமையல்காரர். அவர் மலை இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தால் ஒன்று துரைக்குக் காய்ச்சலாக இருக்கும்; இல்லையென்றால் யாருக்கோ வேலை போகப் போகிறது என்று அர்த்தம். இந்த முறை இரண்டும் இல்லை. சாயங்காலத்தில் பிடில் வாசிப்பது யார் என்று துரையின் மனைவி, துரைசாணி, கேட்டாராம். அந்த ஆளை நாளைக்குப் பங்களாவுக்கு வரச் சொன்னாராம்.

இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கத்து ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கலக்கிக் கொடுப்பவர் பொன்னையா. படித்துப் பட்டம் வாங்கிய வைத்தியர் இல்லை என்றாலும் தோட்டத்து ஜனங்களுக்கு அவர்தான் டொக்டரய்யா. காய்ச்சல்காரனைக் கண்டு பயப்படாத மனிதர், துரை வீட்டு நாயைக் கண்டால் பயப்படுவார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாசி என்று மகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். தேயிலை ஸ்டோரில் இயந்திரம் நின்றபிறகு அந்த மலையில் ஒரு தும்மல்கூட எதிர்மலைக்குக் கேட்கும். ஆனால் பூரணி சாத்தியதே இல்லை. சாத்தினால் நாதம் செத்துப்போகிறது என்பாள்.

பூரணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சிறு வயதிலேயே தாய் இறந்துவிட்டதால் தஞ்சாவூரில் அத்தை வீட்டில் வளர்ந்தவள். அங்கேயே வயலின் கற்று, மேடைக் கச்சேரிகளில் பக்கவாத்தியம் வாசிக்கும் அளவுக்கு வந்திருந்தாள். அத்தை குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்ததும், கப்பலும் ரயிலும் ஏறி அப்பாவிடம் திரும்பிவிட்டாள். அவளுக்குள் ஓர் ஆசை நெடுநாளாக இருந்தது. பிறர் செய்து வைத்ததை வாசிப்பதோடு நில்லாமல் தானே ஓர் உருப்படி கட்டவேண்டும். தஞ்சாவூரில் அதை வாய்விட்டுச் சொன்னபோது சிரித்தார்கள். பெரியவர்கள் வைத்துவிட்டுப் போனதை ஒழுங்காக வாசிக்கவே ஏழு ஜென்மம் போதாது, இதில் நீ வேறு புதிதாகக் கட்டப் போகிறாயா என்றார்கள். ஊசிமலையில் அப்படிச் சொல்ல ஒரு வித்துவானும் இல்லை. அது அவளுக்குப் பெரிய சௌகரியமாகப் போயிற்று.

மறுநாள் பொன்னையா கல்யாணத்துக்குப் போடும் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு மகளோடு பங்களாவுக்கு ஏறினார். பிடில் சத்தத்துக்காக மன்னிப்புக் கேட்பதற்கு இங்கிலீஷில் ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அதற்கு வேலையே வரவில்லை. பென்ரோஸ் துரையின் மனைவி அவர்களைக் கண்டதும் நேரே வரவேற்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உயரமான, நரை விழுந்த மனுஷி. பிள்ளைகள் சீமையில் படித்து அங்கேயே தங்கிவிட்டார்கள். அறையின் மூலையில் ஒரு பழைய பியானோ நின்றது.

“வா. உக்காரு. வாசி,” என்றார் துரைசாணி.

பூரணி கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி ஒரு வர்ணம் வாசித்தாள். வயலினை அப்படிப் பிடித்து துரைசாணி பார்த்ததில்லை. பாதி வாசிப்பில் நாற்காலியை விட்டு இறங்கி அவரும் கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும் எழுந்துபோய்ப் பியானோவில் தன் ஊர்ப் பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டினார். அங்கங்கே தடுக்கியது. தடுக்கிய இடத்தில் தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி தொடங்கினார். அது பூரணிக்குப் பிடித்திருந்தது. தடுக்கினால் வெட்கப்படாமல் திரும்பத் தொடங்குகிற ஆளோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அதன்பிறகு கிழமைக்கு இரண்டு நாள் அவள் பங்களாவுக்குப் போய்வரத் தொடங்கினாள். துரைசாணி கோடு போட்ட தாளில் சுரம் எழுதும் முறையை அவளுக்குக் காட்டினார். பூரணி ஆரோகணம், அவரோகணம், தாளம் எல்லாம் அவருக்குச் சொன்னாள். துரைசாணியின் தமிழ் பெரட்டுக் களத்தில் காலையில் ஆட்களை ஏவுவதற்கென்று துரைமார் படிக்கிற தமிழ். வா, போ, எடு, வை. அதற்குமேல் கிடையாது. ஒரு நாள் பூரணி துணிந்து சொல்லிவிட்டாள்.

“அம்மா, ‘வாசி’ன்னா ஏவுறது. ‘வாசிங்க’ன்னா கேட்டுக்கிறது.”

துரைசாணியின் முகம் சிவந்துபோயிற்று. இருபது வருடமாக இதை யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்றார். அன்றிலிருந்து எல்லாவற்றிலும் ஒரு ‘ங்க’ சேர்த்துக்கொண்டார். நாயைக்கூட ‘உக்காருங்க’ என்று சொல்வதை அப்பு தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் வந்து சொல்லிச் சிரித்தார்.

இருவரும் சேர்ந்து வாசிக்க ஏதாவது வேண்டுமே என்ற பேச்சு ஒரு நாள் வந்தது. சீமைப் பாட்டில் வயலினுக்கு எழுதியிருந்ததைப் பூரணி வாசித்தாள். வாசிக்க முடிந்தது, ஒட்டவில்லை. அவளுடைய கீர்த்தனைகளில் துரைசாணிக்கு வேலை இல்லை. அப்போதுதான் பூரணி, நானே ஒன்று கட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். கேட்ட மறுகணமே தஞ்சாவூரில் சிரித்தவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். துரைசாணியோ அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லாதது போல, எப்போது தருவீங்க என்றார்.

கட்டுவது சுலபமாக இல்லை. மலைக் குளிரிலும் ஈரத்திலும் கிடந்த பியானோ அது. நடுப் பகுதியில் காந்தாரமும் நிஷாதமும் விழவேண்டிய இரண்டு கட்டைகள் அமுக்கினால் அமுங்கும், சத்தம் வராது. சரி பார்க்கிறவர் கொழும்பிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவார். பூரணி அதைப்பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. காந்தாரமும் நிஷாதமும் வேண்டாத ராகம் சுத்த சாவேரி இருக்கிறதே, அதில் கட்டினால் போயிற்று. ஐந்து சுரம் போதும். அவளைப் படுத்தியது வேறு விஷயம். பியானோ ஒரே சமயத்தில் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்துப் பேசுகிற வாத்தியம். ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து மூன்று பேர் பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு. எழுதினாள், கிழித்தாள். ஒரு மழைநாளில் பங்களாவிலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி வரும்போது, கொழுந்துக் கூடையோடு முன்னே போன பெண்களின் பேச்சு காதில் விழுந்தது. ஒருத்திதான் கதை சொல்கிறாள். மற்றவர்கள் ‘ம்’ என்கிறார்கள், ‘அப்புறம்’ என்கிறார்கள், சில சமயம் சும்மா நடக்கிறார்கள். பூரணிக்கு அங்கேயே பாதி வழி திறந்துவிட்டது. பியானோ மூன்று பேராகப் பேசவேண்டியதில்லை. மூன்று பேராகக் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்து ஈரச் சேலையைக்கூட மாற்றாமல் எழுதத் தொடங்கினாள். பொன்னையா கஷாயம் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிமோனியா எப்படி ஆரம்பிக்கிறது என்று ஒரு பிரசங்கம் செய்தார். அது அவள் காதில் ஏறவில்லை.

துரைசாணிக்கு உருப்படி மிகவும் பிடித்துப்போய், துரைமார் கிளப்பில் இதை வாசிக்கவேண்டும் என்று புறப்பட்டார். கிளப்பில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பெண் சமையற்கட்டு வழியாக வந்து, வாசித்து முடிந்ததும் அதே வழியாகப் போய்விட வேண்டும் என்றார்களாம். துரைசாணி அதைச் சொல்லும்போது பூரணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்ப வேணாங்கம்மா,” என்றாள் பூரணி.

கோபமா என்று துரைசாணி கேட்டார்.

“கோவந்தான். ஆனா அதுக்காக இல்லீங்க. அந்த வழியா வந்து வாசிச்சா, அப்புறம் இத எடுக்குறப்பெல்லாம் எனக்கு அந்தச் சமையக்கட்டுத்தான் ஞாபகம் வரும். ஆசையாக் கட்டுனது. அப்படி ஆக வேணாம்.”

விஷயம் தெரிந்தபோது பொன்னையாவுக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்த நிம்மதியை நினைத்துச் சங்கடமாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் அவள் வில்லை எடுக்குமுன் அவராகவே போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அடுத்த வருடம் துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்புவதாக முடிவாயிற்று. பங்களாச் சாமான்கள் விலைக்கு வந்தன. பியானோவை ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த நஸார் முதலாளி வாங்கினார். அவர் மகள் செரீபா கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் பியானோ படித்து முடித்துவிட்டு, வாசிக்க வாத்தியம் இல்லாமல் வீட்டில் மேசை விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாளாம். சனிக்கிழமை லொறி வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை இரவு கொட்டிய மழையில் பங்களாப் பாதையில் மண் சரிந்து, பாதி ரோட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டது. துரையும் துரைசாணியும் திங்கட்கிழமை ரயில் ஏறவேண்டும். லொறி கீழே, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தடியோடு நின்றுவிட்டது. பியானோவை ஆட்கள் தூக்கிக்கொண்டு தேயிலை மலை வழியாக இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குவது, திங்கட்கிழமை லொறியில் ஏற்றுவது என்று பேசிக்கொண்டார்கள்.

பூரணி இதைக் கேட்டதும் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தடிக்கு ஓடினாள். நஸார் முதலாளி லொறிக்குள் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நடுவயதுக்காரர், யாரோடும் சிரித்துப் பேசுகிறவர்; அண்ணன் என்ற முறையில் எல்லாரும் அவரை ‘நானா’ என்பார்கள். அவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். இப்படி ஓர் உருப்படி கட்டியிருக்கிறேன், பியானோவும் துரைசாணியும் ஒரே இடத்தில் இருக்கப்போவது இன்னும் ஒரு நாள்தான், ஞாயிறு பின்னேரம் பள்ளிக்கூடத்தில் வைத்து வாசித்துவிடட்டுமா என்றாள்.

“பியானோ இப்ப உங்களுதுங்க, நானா. நீங்க வேணாம்னா வேணாம்.”

நஸார் தேநீரைக் குடித்து முடித்தார்.

“நீங்களே கட்டினதா, மகள்?”

“ஆமாங்க.”

“அப்ப வாசிங்க. நனையாமப் பாத்துக்கிட்டாச் சரி. நான் வீட்டாளையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாரேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஊசிமலையில் யாரும் வீட்டில் இல்லை. தூக்குகிற பொறுப்பை மூக்கன் கங்காணி ஏற்றிருந்தார். மாரியம்மன் திருவிழாவில் சாமி தூக்க ஆள் நிறுத்துகிறவர் அவர்தான். மூங்கில் கட்டி, சாக்குச் சுற்றி, முன்னுக்கு நெட்டையானவர்களையும் பின்னுக்குக் குட்டையானவர்களையும் நிறுத்தினார். இறக்கத்தில் அப்படி இருந்தால்தான் பாரம் ஒரே மட்டமாக வரும் என்றார். பியானோ பங்களா வாசலைத் தாண்டியதும் பழக்கதோஷத்தில் யாரோ ‘அரோகரா’ என்றார்கள். துரைகூடச் சிரித்துவிட்டார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அது மெல்ல மெல்ல இறங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே கம்பிகள் முனகின. மழைத் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும் இடத்தில் ஒருவனுக்குக் கால் வழுக்கி, எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னால் வந்த பூரணி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மூக்கன் சேற்றில் முழங்காலிட்டு, தோளைக் கொடுத்து நிறுத்தியிருந்தார்.

“பயப்படாதீங்க பாப்பா. இத்தனை வருஷத்துல அம்மனையே ஒருநா கீழ விட்டதில்ல,” என்றார்.

பள்ளிக்கூடம் ஒரே கூடம். பியானோவைச் சுவரோரம் வைத்தார்கள். தரையில் உட்கார்ந்தால் பூரணிக்குத் துரைசாணியின் முழங்கால்தான் தெரியும். அதனால் வாத்தியாரின் மேசையை இழுத்துப்போட்டு, அதன்மேல் பாய் விரித்து அவளை ஏற்றி உட்காரவைத்தார்கள். இப்போது இருவர் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தன. பெஞ்சுகள் நிறைந்து, ஜன்னல்கள் நிறைந்து, வெளியில் குடையோடும் ஆட்கள் நின்றார்கள். நஸார் குடும்பத்துக்கு முன் பெஞ்சு. செரீபா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரை கடைசிப் பெஞ்சில் டொக்டரய்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பொன்னையா எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்த மாதிரியே இருந்தார்.

பூரணி பியானோவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டு தொடங்கினாள். முதல் பாகம் விளம்பம், மெதுவான நடை. வயலின் சொல்ல, பியானோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் மெதுவாக ஆமோதித்துக்கொண்டு வந்தது. ஜனங்கள் முதலில் பியானோவுக்குள் சுத்தியல்கள் எழும்புவதைத்தான் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது நின்று கூடம் அமைதியாயிற்று. இரண்டாம் பாகம் துரிதம். அங்கேதான் துரைசாணிக்குத் தடுக்கியது. தாளில் ஒரு வரியைத் தாண்டிவிட்டார். கை நின்றுவிட்டது. திரும்பிப் பூரணியைப் பார்த்த முகத்தில் ரத்தமே இல்லை.

பூரணி நிறுத்தவில்லை. மடக்கிய காலின் விரலால் தாளத்தைத் தட்டிக்கொண்டு, எழுதியதை விட்டுவிட்டு, அந்த ஐந்து சுரங்களில் தன்போக்கில் சுரம் போட ஆரம்பித்தாள். சின்னச் சின்னதாக, கேள்வி மாதிரி. கேட்டுவிட்டு ஓர் இடைவெளி விட்டாள். அந்த இடைவெளியில் துரைசாணி மூச்சை இழுத்து, இடது கையால் மட்டும் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தொட்டார். பூரணி சிரித்துக்கொண்டே இன்னொரு கேள்வி கேட்டாள். இன்னொரு பதில் வந்தது. அப்படியே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கான் தாண்டுகிற மாதிரி விட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு முடிவுவரை துரைசாணிக்குத் தடுக்கவே இல்லை.

முடிந்ததும் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொழுந்தெடுக்கிற அம்மாக்கண்ணுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“நல்லாத்தான் இருந்துச்சு, பாப்பா. ஆனா நாங்க வசதியா உக்காரதுக்குள்ள முடிஞ்சிருச்சே. இன்னொரு வாட்டி வாசிங்க.”

கூடம் முழுக்கச் சிரித்தது. மறுபடி வாசித்தார்கள். துரிதத்தில் அந்த இடம் வந்தபோது துரைசாணி வேண்டுமென்றே கையை எடுத்துவிட்டு, கேளுங்க, என்பது போலப் பூரணியைப் பார்த்தார். வீட்டுக்குப் போனதும் பூரணி செய்த முதல் வேலை, அந்தக் கேள்வி பதிலைத் தாளில் எழுதி உருப்படிக்குள் சேர்த்ததுதான். தான் கட்டியதிலேயே நல்ல இடம் தான் கட்டாத அந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை ஹட்டன் ஸ்டேஷனில் துரைசாணி அவளைக் கட்டிப்பிடித்து, போயிட்டு வாங்க என்றார். வழியனுப்புகிறவர்கள் அல்லவா அப்படிச் சொல்லவேண்டும் என்று பூரணி திருத்தவில்லை.

பியானோ நஸார் கடையின் மாடியில் ஏறியது. பத்து நாள் கழித்து செரீபாவிடமிருந்து ஆள் வந்தது. அந்தப் பாட்டின் தாள்கள் கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். பூரணி பஸ் பிடித்துத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். செரீபா முதல் பார்வையிலேயே வாசித்தாள், தடுக்காமல். அதோடு நிற்காமல், இந்த இடத்தில் பியானோவுக்கு எழுதியது சரியில்லை, விரல் எட்டாது, எழுதினவங்க பியானோ வாசிக்காதவங்க என்று தெரிகிறது என்றாள். பூரணிக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு இருவரும் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அந்த நாலு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நஸாரின் மனைவி ஆயிஷா சோற்றை மாடிக்கே அனுப்பிவிட்டார்.

அப்படியே அது சனிக்கிழமை வழக்கமாகிவிட்டது. பூரணி ஒவ்வொன்றாகக் கட்டினாள். சிலதைத் தூக்கிப் போட்டாள். டிக்கோயாவிலும் வட்டவளையிலும் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தாள். ஹட்டன் கோயில் விழாவில் தனிக் கச்சேரி வாசித்தபோது, நடுவில் தன் உருப்படி ஒன்றைத் துணிந்து வைத்தாள். அவளுக்குப் பக்கவாத்தியமாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மிருதங்கக்காரர் இது யாருடையது என்று விசாரித்தார். என்னுடையது என்றாள். அவர், அப்படியானால் அடுத்த முறை கொஞ்சம் காலப்பிரமாணத்தைக் குறைத்து வாசியுங்கோ, நான் இன்னும் நன்றாகச் சேருவேன் என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை என்று அவளுக்கு இருந்தது.

சில வருடம் கழித்து வானொலியில் குரல் தேர்வு போல வாத்தியத் தேர்வும் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, நஸார்தான் இரண்டு பேரையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேர்வானார்கள். முதல் நிகழ்ச்சி ஒலிபரப்பான மாலையில் ஊசிமலையில் வானொலிப் பெட்டி இருந்தது தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் வீட்டில் மட்டும். பொன்னையா போய் வாசலில் நின்றார். உள்ளே வரச்சொன்னதும் உட்கார்ந்தார். ‘இயற்றி வயலின் வாசிப்பவர் பூரணி பொன்னையா’ என்று அறிவிப்பாளர் சொன்னபோது, பெரிய கிளாக்கர் சத்தத்தைக் கூட்டிவிட்டு அவரைப் பார்த்தார். பொன்னையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வந்தவர்களெல்லாம் இதையே பேசினார்கள். அன்றிரவு ரயிலில் திரும்பிய மகளிடம், உன்னால் என் தொழில் கெட்டுப்போயிற்று என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

“இன்னிக்கு வந்ததுல பாதிப் பேருக்கு நோயே இல்ல, பூரணி. சும்மா உன்னப் பத்திப் பேச வந்திருக்காங்க. எல்லாருக்கும் தண்ணிய ஊத்திக் குடுத்தேன்.”

அவள் சிரித்துக்கொண்டே வயலின் பெட்டியை ஆணியில் மாட்டினாள். பசித்தது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, ரயிலில் வரும்போது மனதில் புரண்டுகொண்டிருந்த ஒன்றை எழுதத் தொடங்கினாள். இந்த முறை வயலின் கேட்கிற பக்கம். பியானோதான் கதை சொல்லப் போகிறது. சனிக்கிழமை செரீபா இதற்கு என்ன குறை சொல்லப் போகிறாளோ என்று நினைத்தபோதே அவளுக்குக் கை வேகமாயிற்று.